ஆரஞ்சு உதட்டுக் குதிரை

அத்தியாயம் 6

நடீன் ஸ்ட்ரிக்லண்டைத் தேடிச் சதுப்புக்குள் இறங்கியவர்கள் நாலே பேர். அவளுடைய குதிரைக்குக் கேரட் கொடுக்க வந்து நின்றவர்கள் அதைவிட அதிகம்.

கோரா ரவுலர்சன் பிறந்து வளர்ந்தது இந்த ஃப்ளோரிடா மண்ணில்தான். ஆரஞ்சுத் தோப்பில் ஏணி தூக்கிய குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். இந்த ஜனங்களின் குணம் அவளுக்குப் புதிதில்லை. இருந்தாலும் வயிறு எரிந்தது.

"நாளைக்கு நான் தொலைஞ்சு போனா, ஒரு குதிரைய கையில புடிச்சுக்கிட்டே தொலையறேன் பாஸ்," என்றான் டில்மன். "அப்பத்தான் நாலு பேராவது கவலைப்படுவாங்க."

கோரா தனியார் துப்பறிவாளர். டில்மன் அவளுடைய உதவியாளன். அதற்கு முன்னால் ரோடியோ என்ற காளைச் சவாரி விளையாட்டில் கோமாளி. வீரன் கீழே விழுந்ததும் காளையின் கண் எதிரே ஆடிப் பாடி, அதைத் தன் பக்கம் இழுப்பதுதான் கோமாளியின் வேலை. அந்த வேலை அவனுடைய இடது முட்டியை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு வாயைக் கொடுத்திருந்தது. காலையிலிருந்து காகிதப் பையில் அவித்த கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தான்.

ஹெரன் பாண்ட் குதிரை முகாம் காலியாகிக்கொண்டிருந்தது. வளைகுடாவிலிருந்து புயல் கிளம்பிவிட்டதாகக் காலையிலேயே செய்தி. டிரக்குகள் டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. மேற்கே வானம் இரும்புச் சட்டி அடிபோல் கறுத்திருந்தது. காற்றே இல்லை. இந்தப் பூமி தோசைக்கல் மாதிரி தட்டை. இங்கே விழுகிற மழைக்கு ஓடத் தெரியாது, விழுந்த இடத்திலேயே நின்று ஏறும். சாயங்காலத்துக்குள் நடீன் கிடைக்கவில்லை என்றால், அப்புறம் கிடைப்பது அவளாக இருக்காது.

நடீன் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். வருஷத்தில் பாதி நாள் டிரெய்லரும் குதிரையுமாகத் தனியே முகாம் முகாமாகச் சுற்றுகிறவள். நேற்றுக் காலை இங்கிருந்து சவாரி போனாள். மதியம் சாம்பல் நிறப் பெண்குதிரை பியூலா மட்டும் சேணத்தோடு திரும்பி வந்தது. ஷெரிஃப் ஆபீஸ் ஆள் வந்தான். குதிரை தள்ளிவிட்டிருக்கும், முதலை இழுத்துப் போயிருக்கும் என்றான். சாப்பாட்டு நேரம் ஆனதும் போய்விட்டான். தனியாகத் திரியும் அறுபது வயசுப் பொம்பளைக்கு அவ்வளவுதான் மரியாதை. ஜார்ஜியாவில் நர்ஸாக இருக்கும் மகள் கெண்ட்ராதான் கோராவைக் கூப்பிட்டாள். காரில் வந்துகொண்டிருந்தாள். புயலுக்கு முன்னால் வந்து சேருவாளா என்பது சந்தேகம்.

இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே உயரக் கட்டிய கயிற்றில் கட்டுண்டு பியூலா நின்றது. தலை வடக்கே திரும்பியிருந்தது. கேரட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை.

டில்மன் அதன் முகத்தருகே குனிந்தான். "லிப்ஸ்டிக் போட்டிருக்கா பாஸ்."

சாம்பல் உதடுகளைச் சுற்றி ஆரஞ்சு நிறக் கறை. கீழே இருந்த வாளியில் தண்ணீர் பாதி குறைந்திருந்தது. விளிம்பில் எறும்பு வரிசை. கோரா விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். இனிப்பும் புளிப்பும்.

"ஆரஞ்சுப் பொடி. ஜூஸ் கலக்கறது," என்றாள்.

"ரெண்டு ஐஸ் கட்டியும் போட்டுக் குடுத்திருக்கலாம்."

"நான்தான் கலந்தேன் கண்ணு," என்றது பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல்.

முகாமைப் பார்த்துக்கொள்ளும் ஹார்லன் க்ரூஸ். வைக்கோல் தொப்பி, தோளில் ஈரத் துண்டு. வந்த வேகத்தில் துண்டைப் பியூலாவின் கழுத்தில் போட்டுத் துடைக்க ஆரம்பித்தார். 'கண்ணு' என்று கூப்பிடும் ஆண்பிள்ளைகளைக் கோராவுக்குப் பிடிக்காது. ஆனால் இந்த மனிதரின் கண் ரப்பைகள் வீங்கியிருந்தன. அழுதிருக்கிறார்.

"நேத்து மதியத்துலேர்ந்து ஒரு சொட்டு இறங்கல. ஊர்த்தண்ணி மாறினா சில குதிரைங்க அப்படித்தான். இந்த வெக்கையில குடல் முறுக்கிக்கிட்டா அவ்வளவுதான். பொடி கலந்து வெச்சேன், மடமடன்னு குடிச்சுட்டா." அவர் முகத்தில் ஒரு தாயின் பெருமை.

குதிரைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான் அது. வீட்டில் கலக்கிக் கொடுத்துப் பழக்கிய ருசியை வெளியூரிலும் கலந்தால், தண்ணீர் புதுசு என்று குதிரைக்குத் தெரியாது. ஒருவர் ஆப்பிள் ஜூஸ், இன்னொருவர் வெல்லப்பாகு. ஒவ்வொரு குதிரைக்கும் ஒன்று.

"தேடறவங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டாள் கோரா.

"தெக்கே. சதுப்புப் பக்கம். நான்தான் வழி காட்டி அனுப்பினேன். அந்தப் பக்கம்தான் முதலை அதிகம்." பெருமூச்சு விட்டார். "நீங்களும் கிளம்பிடுங்க கண்ணு. ரோடு முழுகிட்டா அப்புறம் போக முடியாது."

அவர் தன் குடிசை பக்கம் நடந்தார். அதன் சுவர் முழுக்கக் காகிதங்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குதிரையின் படம், மேலே 'காணவில்லை'. ராத்திரியில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய குதிரைகளாம். இந்த முகாமிலிருந்தும் பக்கத்து முகாம்களிலிருந்தும்.

"இந்த ஊர்ல கயிறு செய்யறவன் யாரோ, அவன் மேல கேஸ் போடலாம்," என்றான் டில்மன்.

கோரா சிரிக்கவில்லை. அறுந்த கயிறு ஒன்றைக்கூட யாரும் காட்டவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து இடத்தில் லைல் பார்டின் தன் செம்பட்டை ஆண்குதிரையை டிரெய்லரில் ஏற்றப் போராடிக்கொண்டிருந்தான். காட்டுப்பன்றிக்குச் சட்டை போட்டது போன்ற ஆள். முந்தாநாள் அவனுக்கும் நடீனுக்கும் பெரிய சண்டை. அவனுடைய ஆண்குதிரை பியூலாவை நெருங்கியதற்கு அவள் வாளியை எடுத்து வீசினாள் என்று முகாமே சொன்னது. சந்தேகப்பட வேண்டுமென்றால் அவன்தான் வாகாகக் கிடைத்தான்.

"என்ன, காலேஜ்காரியம்மா," என்றான் லைல், திரும்பிப் பார்க்காமலே. "கொலைகாரன் இவன்தான்னு எழுதிக்கிட்டு வந்துட்டீங்களா?"

"எழுத்துப்பிழை பாத்துக்கிட்டிருக்கோம்," என்றான் டில்மன்.

"நடீனோட குதிரைய முதல்ல பிடிச்சது நீங்கதானே," என்றாள் கோரா.

"ஆமா. நேரா என் குதிரைகிட்ட வந்து நின்னா. பின்ன என்ன பண்றது."

"கடிவாள வார் எப்படி இருந்துச்சு?"

லைல் இப்போது திரும்பினான். "சேணக் கொம்புல முடிஞ்சிருந்துச்சு. நல்லா, தளர்வா, தலைய ஆட்டற மாதிரி. ஏன்?"

"நீங்க முடியலையே?"

"முடிஞ்சேதான் வந்துச்சு. அந்தப் போலீஸ்காரன்கிட்டயும் சொன்னேன். கொட்டாவி விட்டான்."

ஆளைத் தள்ளிவிட்டு ஓடி வரும் குதிரையின் வார் தரையில் இழுபடும். குதிரை அதை மிதிக்கும், வாய் கிழியும், பாதி வழியில் வார் அறும். குதிரை தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளாது. யாரோ ஒருவன் நடீனை இறக்கிவிட்டு, குதிரையின் வாய் வலிக்கக் கூடாது என்று வாரைப் பதமாக முடிந்து, தட்டி அனுப்பியிருக்கிறான்.

"இரக்கமுள்ள முதலை," என்றான் டில்மன் மெதுவாக. குரலில் விளையாட்டு இல்லை.

"எனக்கு அந்தக் கிழவிய பிடிக்காது," என்றான் லைல். "ஆனா தேடப் போறதா இருந்தா சொல்லுங்க. தெக்கே இல்ல. அங்க ரெண்டு தடவ போயாச்சு, ஒரு குளம்படி இல்ல. ஹார்லன்கூட நேத்துப் பொழுது சாயறப்ப வடக்கேதான் வண்டிய எடுத்துக்கிட்டுப் போனாரு. பாவம், குதிரை தண்ணி குடிக்கலைன்னு பக்கத்துல உக்காந்து கண்ணீர் விட்டுட்டு, எழுந்து போனாரு. வந்து பொடிய கலக்கினாரு. குடிச்சுது."

தேடுகிறவர்களைத் தெற்கே அனுப்பிவிட்டு, தான் மட்டும் வடக்கே. கோரா அதை மனசில் ஓர் ஓரமாக வைத்தாள். ஃபோனை எடுத்தாள்.

கெண்ட்ரா முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் காரின் துடைப்பான் அடித்துக்கொள்ளும் சத்தம்.

"அம்மா கிடைச்சாங்களா?"

"இன்னும் இல்ல. ஒண்ணு கேக்கணும். பியூலாவுக்குத் தண்ணியில ஆரஞ்சுப் பொடி கலப்பாங்களா உங்க அம்மா?"

"பியூலாவுக்கா?" கெண்ட்ரா கிட்டத்தட்டச் சிரித்தாள். "அது சாக்கடைத் தண்ணியக் குடுத்தாலும் குடிக்கும். யாரு சொன்னா? ஆரஞ்சுப் பொடி கேட்டது டீக்கன். எங்களோட பழைய குதிரை."

"டீக்கன் இப்ப எங்க?"

"செத்துப்போச்சு. நான் சின்னப் பொண்ணு அப்ப. அந்த முகாம்லதான். வடக்கே பைன் காட்டுக்குள்ள, அந்தக் காலத்துல மாட்டு உண்ணிக்கு மருந்து கலந்து மாடுகளை முக்கி எடுப்பாங்களே, அந்தச் சிமெண்டுத் தொட்டி. நீளமா, ஆழமா, குழி மாதிரி. கொடி மூடிக் கிடந்துச்சு. டீக்கன் அதுக்குள்ள விழுந்து காலை முறிச்சுக்கிச்சு. அதுலேர்ந்து நான் குதிரை ஏறினதே..." அவள் நிறுத்தினாள். "கோரா. அந்தப் பொடி விஷயம் எங்க ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாது. அம்மா எதுக்கு அதைச் சொல்லணும்?"

"உங்களுக்குத்தான் சொல்லியிருக்காங்க," என்றாள் கோரா. "உயிரோட இருக்காங்க கெண்ட்ரா. நேத்துச் சாயங்காலம் வரைக்கும் இருந்தாங்க."

கோரா ஃபோனை வைத்துவிட்டு வடக்கே பார்த்தாள்.

"பொறுமையா சொல்லு பாஸ்," என்றான் டில்மன். "நான் காளைங்ககிட்ட ரொம்ப உதை வாங்கினவன்."

"குதிரை தண்ணி குடிக்கலைன்னு ஹார்லனுக்கு வயித்தக் கலக்கியிருக்கு. யாருகிட்ட கேக்கறது? அடைச்சு வெச்சிருக்கிற மனுஷிகிட்டயே போய்க் கேட்டிருக்கான். உன் குதிரைக்கு என்ன கலந்து குடுப்பேன்னு. அவ யோசிச்சுப் பொய் சொல்லியிருக்கா. மக வருவா, வாளியப் பாப்பா, புரிஞ்சுக்குவான்னு. நடீனைக் காணாத ஏக்கத்துல குடிக்காம நின்ன குதிரை, தாகம் முத்தினதும் எதைக் குடுத்தாலும் குடிச்சிருக்கும். இவன் பொடியாலதான்னு நம்பிட்டான்."

டில்மன் கடலைப் பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "கைதி எழுதின லெட்டர். ஜெயிலரே தபால்காரன்."

"தொட்டியில இருக்கா. மழை வருது."

எதிரே குடிசை வாசலில் ஹார்லன் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டிரக் அந்தக் குட்டைப் பனைப் புதருக்குள் போகாது. கோரா பியூலாவின் மேல் சேணத்தை ஏற்றினாள். லைலிடம் அரை வாக்கியம்தான் சொன்னாள். அவன் ஏற்ற முடியாமல் தவித்த ஆண்குதிரையின் முதுகில் தானே தாவி ஏறினான்.

"நீ பழைய வேலையப் பாரு," என்றாள் டில்மனிடம்.

"காளைய என் பக்கம் இழுக்கணும். அதானே?" அவன் நொண்டிக்கொண்டே குடிசையைப் பார்த்து நடந்தான். "ஹார்லன் அண்ணே, ஒரு சந்தேகம். குதிரைக்குப் பல்வலி வந்தா யாரு முதல்ல அழறது, குதிரையா, டாக்டரா?"

பியூலாவுக்கு வழி காட்ட வேண்டியிருக்கவில்லை. நேற்றிலிருந்து எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ, அந்தப் பக்கம் அவிழ்த்துவிட்ட நாய் மாதிரி பாய்ந்தது. புல்வெளி முடிந்து பைன் மரங்கள் தொடங்கும் இடத்தில் முதல் துளிகள் விழுந்தன. கொய்யாக்காய் கனம். பறவை ஒன்றின் சத்தமும் இல்லை. பிறகு, மரங்களுக்குள்ளிருந்து, ஒரு கனைப்பு. அதற்குப் பதிலாக இன்னொன்று. இன்னும் ஒன்று.

லைல் கடிவாளத்தை இழுத்தான். "அடக் கடவுளே."

மேட்டில் கம்பிப் பட்டி. உள்ளே குதிரைகள். பழுப்பு, கறுப்பு, வெள்ளைப் புள்ளி போட்டது. எல்லாம் குடிசைச் சுவரில் பார்த்த முகங்கள். மேலே புதுத் தகரக் கூரை. கீழே நனையாத வைக்கோல். உடம்பு பளபளக்க நின்றன.

பட்டிக்குக் கீழே, தாழ்வில், கொடிகளை வெட்டி ஒதுக்கிய இடத்தில் அந்தத் தொட்டி. ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான சிமெண்டு ஓடை. அதன் மேல் இரும்புத் தட்டிகளை வரிசையாகப் போட்டு, குதிரைக் கயிற்றுக் கொக்கிகளால் ஒன்றோடொன்று மாட்டியிருந்தது. அதற்குக் கூரை இல்லை.

தட்டிக்கு இடையே நாலு விரல்கள் தெரிந்தன.

"பியூலாவா அது?" என்றது உள்ளேயிருந்து ஒரு வறண்ட குரல். "மூச்சு விடற சத்தத்துலயே தெரியுது."

நடீன் மார்பளவு தண்ணீரில், ஒற்றைக் காலில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். இன்னொரு கணுக்கால் முறிந்திருந்தது. நிலத்தடியிலிருந்து ஒருபக்கம் ஊறியது, மேலேயிருந்து ஒருபக்கம் கொட்டியது. கோரா கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். லைல் தட்டிகளைப் புரட்டித் தள்ளிவிட்டு, மாடுகள் ஏறி வரும் சரிவின் வழியாகத் தண்ணீருக்குள் இறங்கினான்.

"நீயா?" என்றாள் நடீன்.

"வாளிய வீசிடாத கிழவி. கழுத்தைப் பிடிச்சுக்க."

அப்போதுதான் மோட்டார் சத்தம் நின்றது. மழையில் அது வந்ததே கேட்கவில்லை. ஹார்லன் காட்டுக்குள் ஓடும் தன் சின்ன நாலு சக்கர வண்டியிலிருந்து இறங்கினான். கையில் துப்பாக்கி. முகத்தில் அதே ஈரக் கண்கள்.

டில்மன் என்ன ஆனான்? கோராவுக்கு நினைத்துப் பார்க்க நேரமில்லை.

"பியூலாவ விட்டுட்டுத் தள்ளி நில்லு கண்ணு," என்றான் ஹார்லன்.

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. கோரா தள்ளி நிற்கவில்லை. வாரைப் பிடித்துப் பியூலாவைக் குறுக்கே திருப்பினாள். அதன் அகன்ற சாம்பல் விலா தொட்டியின் வாய்க்கும் துப்பாக்கிக்கும் நடுவே வந்து நின்றது. அவள் அதன் பின்னால் நின்றாள்.

"சுடுங்க," என்றாள். "இவளைத் தாண்டித்தான் எங்ககிட்ட வரணும்."

துப்பாக்கி முனை இடப்பக்கம் போனது. கோரா குதிரையை ஓரடி நகர்த்தினாள். வலப்பக்கம் போனது. அவளும் போனாள். மழை அவளையும் அவனையும் குதிரையையும் ஒரே மாதிரி அடித்தது.

"ஒரு வாயில்லா ஜீவன மறைப்பா வெச்சுக்கிட்டு நிக்கிற. அசிங்கமா இல்ல?"

"இருக்கு," என்றாள் கோரா.

"அந்தப் பழுப்புக் குதிரையோட முதுகப் பாரு. எலும்பு தெரியற அளவுக்குச் சேணப் புண்ணு. அதுமேல தினம் சவாரி போனான் அவன். நான் ஆத்தினேன். அந்தக் கறுப்ப பட்டினி போட்டாங்க. இங்க வந்து பாத்துட்டு, எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடுன்னு சொல்றா இவ. எந்த நியாயத்துல?" அவன் குரல் உடைந்தது. "நான் இவளைக் கொல்லல. ஒரு அடி அடிக்கல. அவளா குதிரையிலேர்ந்து குதிச்சு ஓடப் பாத்துக் குழியில விழுந்தா."

"கொல்லல. மழைகிட்ட ஒப்படைச்சுட்டீங்க. குதிரைக்குத் தகரம் போட்ட கைக்கு இங்க ஒரு ஓலை கிடைக்கலையா?"

அவன் தகரக் கூரையைப் பார்த்தான், பிறகு தொட்டியைப் பார்த்தான். அந்தக் கேள்வி அவனுக்கு இதுவரை தோன்றியதே இல்லை. அதுதான் கோராவின் முதுகில் மழையைவிடச் சில்லென்று இறங்கியது.

அவன் பின்னாலிருந்து யாரோ சேவல் மாதிரி கூவினார்கள். உடம்பெல்லாம் சேறாக, தொப்பியைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு, ஒற்றைக் காலில் குதித்தபடி டில்மன் வந்துகொண்டிருந்தான். ஹார்லன் திரும்பினான். திரும்பாமல் இருந்த காளை ஒன்றைக்கூட டில்மன் பார்த்ததில்லை. அடுத்த கணம் துப்பாக்கிக் குழலைக் கோரா பிடித்து வானத்துக்குத் திருப்பியிருந்தாள். குண்டு பைன் கிளையை ஒடித்தது. பட்டியில் குதிரைகள் மிரண்டு அலறின. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஹார்லனின் கைகள் தாமாகவே விட்டுவிட்டன.

"பல்வலி ஜோக்குக்கு நடுவுல எழுந்து போயிட்டான் பாஸ். வண்டி பின்னால தொத்திக்கிட்டு வந்தேன், வளைவுல உதறிட்டான்," என்றான் டில்மன் மூச்சு வாங்கியபடி. "என் வாழ்க்கையில இப்படி ஒரு அவமானம் இல்ல."

லைல் நடீனைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறி வந்து புல்லில் இறக்கினான். அவள் பற்கள் கிடுகிடுத்தன. பியூலா தலையைத் தாழ்த்தி அவள் தலைமுடியை முகர்ந்தது.

டில்மன் ஹார்லனின் கைகளைக் குதிரைக் கயிற்றால் பின்னால் கட்டினான். ஹார்லன் திமிறவில்லை. அவன் பார்வை தகரக் கூரையின் மேலேயே இருந்தது.

"கிழக்கு மூலை ஒழுகும். கறுப்பை அங்க கட்டிடாதீங்க," என்றான். "இன்னிக்குச் சாயங்காலம் அதுங்களுக்கு யாரு தண்ணி வைப்பா?"

நடீன் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"நான் வைக்கிறேன் ஹார்லன்," என்றாள் நடீன். "வெறும் தண்ணி. என் குதிரை குடிக்கிறாளே, அதே மாதிரி."

அவன் முதலில் சம்மதமாகத் தலையை ஆட்டினான். பிறகு ஆட்டுவதை நிறுத்தினான். மெல்லத் திரும்பிப் பியூலாவின் உதட்டைப் பார்த்தான். மழை அந்த ஆரஞ்சு நிறத்தைச் சொட்டுச் சொட்டாகக் கழுவிக்கொண்டிருந்தது.